சாண்டி டென்னியின் ஒலிப்பதிவுகளை எங்கே தொடங்கி எப்படிக் கேட்பது: ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் நாட்டார் பாடல் மரபிலிருந்து எழுந்த பாடகர்களில் சாண்டி டென்னிக்கு இணையான குரல் இன்னொன்று இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அவர் 1947 ஜனவரி 6 அன்று தென்மேற்கு லண்டனின் மெர்ட்டன் பார்க் பகுதியில் பிறந்தார். 1978 ஏப்ரல் 21 அன்று, 31 வயதில் மறைந்தார். ஒலிப்பதிவுக் கூடங்களில் அவர் பாடியது ஏறத்தாழ பத்து ஆண்டுகள் மட்டுமே. ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளின் பதிவுகள் மூன்று இசைக்குழுக்களிலும், சொந்தப் பெயரில் வெளிவந்த நான்கு ஆல்பங்களிலும், வானொலி நிலையத்தின் நாடாக்களிலும், அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு வெளியான தொகுப்புகளிலும் சிதறிக் கிடக்கின்றன. புதிதாகக் கேட்க வருபவர் எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல், கைக்கு வந்த ஓர் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு விலகிவிடுவது உண்டு. அது பெரிய இழப்பு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அவருடைய தனி ஆல்பங்களில் பலவற்றின் மீது வயலின் குழுக்களும், இசைக்குழுவின் கனமான வாசிப்பும் ஏற்றப்பட்டுள்ளன. சில இடங்களில் அவை பாடலுக்குத் துணை நிற்கின்றன, சில இடங்களில் பாடலை மூடிவிடுகின்றன. பாடலாசிரியராக அவர் எவ்வளவு பெரியவர் என்பது, அந்த மேற்பூச்சு இல்லாத பதிவுகளைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால்தான் விளங்குகிறது. ஆகவே, முடிந்த இடங்களிலெல்லாம் ஒரு பாடலை இரண்டு பதிவுகளிலாவது கேட்க வேண்டும் என்ற ஒரே முறையை அடிப்படையாகக் கொண்டு இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதல் படி: ஒரு பாடலை நான்கு காலங்களில் கேளுங்கள்

முழு ஆல்பம் எதையும் தொடுவதற்கு முன், "ஹூ நோஸ் வேர் த டைம் கோஸ்?" என்ற பாடலைத் தேர்ந்துகொள்ளுங்கள். டென்னி தன் 20 வயதை ஒட்டிய பருவத்தில் எழுதிய பாடல் இது. மாலை வானத்தில் பறவைகள் கிளம்பிப் போவதைக் கண்டு, புறப்பட வேண்டிய நேரத்தை அவை எப்படி அறிகின்றன என்று வியக்கும் ஒருவரின் பேச்சாக அது தொடங்குகிறது. காலம் போவதைப் பற்றித் தனக்குக் கவலை இல்லை என்று அவர் சொல்கிறார். அந்த வயதில் இத்தனை முதிர்ந்த அமைதியோடு எழுத முடிந்தது எப்படி என்ற வியப்பு எனக்கு இன்னும் நீங்கவில்லை.

இந்தப் பாடலின் முதல் பதிவு, 1967-இல் கிட்டாரை மட்டும் துணையாக வைத்து அவர் பாடிய டெமோ, அதாவது மாதிரிக்காக எடுத்த எளிய பதிவு. அடுத்தது, அதே ஆண்டில் ஸ்ட்ராப்ஸ் குழுவோடு கோபன்ஹேகனில் பதிவு செய்தது. மூன்றாவது, ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் 1969-ஆம் ஆண்டு ஆல்பமான "அன்ஹாஃப்பிரிக்கிங்"கில் இருப்பது. நான்காவது, 1977 நவம்பர் 27 அன்று லண்டனின் ராயல்டி தியேட்டரில் அவர் நடத்திய கச்சேரியின் பதிவு. நான்கையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது, சொற்களைக் கவனிப்பதைவிட வரிகளின் முடிவைக் கவனியுங்கள். டென்னி ஒரு வரியின் கடைசிச் சொல்லை அழுத்தி முடிப்பவர் அல்லர். கார்வையில் நிறுத்தி, மெல்ல ஒலியைக் குறைத்து, சில வேளை சுருதியைச் சற்றே வளைத்து இறக்குவார். 1967-இல் அந்த இறக்கம் தெளிவும் இளமையுமாக இருக்கிறது. 1969-இல் ரிச்சர்ட் தாம்ப்ஸனின் கிட்டார் அவர் விட்ட இடைவெளிகளில் மட்டும் பேசுகிறது; மார்ட்டின் லாம்பிளின் டிரம்ஸ் இருப்பதே தெரியாத அளவுக்கு அடங்கி ஒலிக்கிறது. 1977-இல் குரல் கனத்தும் கரகரத்தும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரியும் எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர் முன்பைவிட நன்றாக அறிந்திருக்கிறார்.

இதே பாடலை அமெரிக்கப் பாடகி ஜூடி காலின்ஸ் 1968-இல் பாடித் தன் ஆல்பத்துக்கே அதன் பெயரைச் சூட்டினார். நினா சிமோனும் மேடையில் பாடினார். அந்தப் பதிவு 1970-இல் வெளியான "பிளாக் கோல்ட்" ஆல்பத்தில் உள்ளது. இவ்விரண்டையும் பின்னர் கேட்கலாம். டென்னியின் நான்கு பதிவுகளும் காதில் பதிந்த பிறகு கேட்டால்தான் மற்றவர்கள் அந்தப் பாடலில் எதைத் தேடினார்கள் என்பது புரியும்.

இரண்டாம் படி: 1967-ஆம் ஆண்டின் தனிக் குரல்

கிங்ஸ்டன் கலைக் கல்லூரியில் மாணவியாக இருந்த காலத்திலேயே டென்னி நாட்டார் பாடல் மன்றங்களில் பாடத் தொடங்கிவிட்டார். லண்டன் ஸோஹோவின் கிரீக் தெருவில் இருந்த லே கஸின்ஸ் என்ற சிறிய மன்றம் அந்நாளில் இளம் கிட்டார் கலைஞர்கள் கூடிய இடம். அங்கும் அவர் பாடினார். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஜாக்ஸன் சி. ஃப்ராங்க் என்ற பாடலாசிரியரோடு அவருக்கு நெருக்கம் ஏற்பட்டது. மரபுப் பாடல்களோடு நின்றுவிடாமல் சொந்தமாக எழுத வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் வலுப்பட்டதில் ஃப்ராங்க்குக்குப் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இந்தக் காலத்தின் பதிவுகள் இரண்டு வகை. சாகா என்ற மலிவு விலை நிறுவனத்துக்காக 1967-இல் அலெக்ஸ் கேம்பெல், ஜானி சில்வோ ஆகியோரோடு பகிர்ந்துகொண்ட இசைத்தட்டுகளில் அவர் பாடியவை ஒரு வகை. அவற்றை ஒன்றாகத் திரட்டி 2005-இல் "வேர் த டைம் கோஸ்: சாண்டி '67" என்ற சிடி வெளிவந்தது, தனித்தனியாகத் தேடாமல் இதையே கேளுங்கள். ஃப்ராங்க்கின் "மில்க் அண்ட் ஹனி", "யூ நெவர் வான்டட் மீ" ஆகிய பாடல்களை இதில் கவனித்துக் கேட்க வேண்டும். அவருடைய குரல் எந்த ஒப்பனையும் இன்றி எப்படி இருந்தது என்பதற்கு இவை அளவுகோல்.

மற்றொரு வகை, ஸ்ட்ராப்ஸ் குழுவோடு கோபன்ஹேகனில் பதிவானவை. இவை 1973-இல்தான் "ஆல் அவர் ஓன் வொர்க்" என்ற பெயரில் வெளியாயின. அதற்குள் டென்னி அந்தக் குழுவை விட்டுப் போய் ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்த ஆல்பத்தை ஒருமுறை கேட்டால் போதும். பாடல்களில் பெரும்பாலானவை குழுவின் தலைவர் டேவ் கஸின்ஸ் எழுதியவை. இனிமையானவை, ஆனால் டென்னியின் குரலுக்கு ஏற்ற ஆழம் அவற்றில் குறைவு.

மூன்றாம் படி: ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் மூன்று ஆல்பங்கள்

இங்கே நீங்கள் நிதானமாகத் தங்க வேண்டும். 1968 மே மாதம் நடந்த குரல் தேர்வுக்குப் பிறகு, ஜூடி டைபிளின் இடத்தில் டென்னி ஃபேர்போர்ட் கன்வென்ஷனில் சேர்ந்தார். அதுவரை அமெரிக்கப் பாணியில் வாசித்துக்கொண்டிருந்த லண்டன் இளைஞர்களின் ராக் குழு அது. பயண வண்டியிலும் ஒப்பனை அறையிலும் டென்னி பாடிக்காட்டிய மரபுப் பாடல்கள்தாம் அந்தக் குழுவின் திசையைத் திருப்பின. தயாரிப்பாளர் ஜோ பாய்டும் ஒலிப்பொறியாளர் ஜான் வுட்டும் இந்த மூன்று ஆல்பங்களுக்கும் பொறுப்பு. லண்டன் செல்ஸியில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் கூடம் இவற்றின் முதன்மையான பதிவிடம்.

"வாட் வி டிட் ஆன் அவர் ஹாலிடேஸ்" 1969 ஜனவரியில் வெளியானது. அதன் முதல் பாடல் டென்னி எழுதிய "ஃபாதரிங்கே": ஸ்காட்லாந்து அரசி மேரி, தலை வெட்டப்படுவதற்கு முன் சிறையிருந்த கோட்டையைப் பற்றியது. அரசியின் பெயரைப் பாடல் சொல்வதில்லை, அரசியலையும் பேசுவதில்லை, ஜன்னலோரம் ஒரு பெண் மாலைப் பொழுதைக் கழிப்பதை மட்டும் காட்டுகிறது. நேரடியாகச் சொல்லாமல் சூழலால் உணர்த்துவது அவருடைய எழுத்தின் தனிக்குணம். இந்த முதல் பாடலிலேயே அது முழுமையாக வந்துவிட்டது.

"அன்ஹாஃப்பிரிக்கிங்" அதே ஆண்டு ஜூலையில் வந்தது. அதன் அட்டையில் குழுவின் பெயரோ ஆல்பத்தின் பெயரோ இல்லாமல், விம்பிள்டன் வீட்டின் முன் நிற்கும் டென்னியின் பெற்றோர் படம் மட்டும் அச்சாகி இருந்தது. இதில் நீங்கள் மீண்டும் மீண்டும் கேட்க வேண்டியது "எ செய்லர்ஸ் லைஃப்" என்ற மரபுப் பாடல். காதலன் வில்லியமைத் தேடிக் கடலுக்குள் போகும் பெண்ணின் கதை. 11 நிமிடங்களுக்கு மேல் ஓடும் இந்தப் பதிவு ஒரே மூச்சில், திருத்தமின்றி எடுக்கப்பட்டது. தொடக்கத்தில் டென்னியின் குரலுக்குக் கீழே தாளம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. சிம்பல் அலைபோல எழுந்து அடங்குகிறது, கிட்டார் ஒரே சுருதியைச் சுற்றி வருகிறது. கதை முன்னேற முன்னேற இசை இறுகுகிறது. குரல் ஓய்ந்த பிறகு தாம்ப்ஸனின் கிட்டாரும் விருந்தினராக வந்திருந்த டேவ் ஸ்வார்ப்ரிக்கின் வயலினும் ஒன்றையொன்று துரத்துகின்றன. ஆங்கில நாட்டார் ராக் என்ற வகையின் பிறப்பைப் பலர் இந்தப் பதிவில்தான் வைக்கிறார்கள். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஸ்வார்ப்ரிக் இல்லாத ஒரு முந்தைய பதிவும் உண்டு. தாம்ப்ஸனின் "வாட்சிங் த டார்க்" தொகுப்பில் 1993-இல் அது வெளியானது. இரண்டையும் ஒப்பிட்டால் வயலின் என்ன செய்தது என்பதும், வயலின் இல்லாமலேயே டென்னி எவ்வளவு தாங்கினார் என்பதும் தெரியும்.

அந்த ஆல்பம் வெளியாகும் முன்பே, 1969 மே 12 அதிகாலை, பர்மிங்காம் கச்சேரியிலிருந்து திரும்பிய குழுவின் வண்டி எம்1 நெடுஞ்சாலையில் கவிழ்ந்தது. 19 வயதே ஆன மார்ட்டின் லாம்பிளும், தாம்ப்ஸனின் தோழி ஜீனி ஃப்ராங்க்ளினும் உயிரிழந்தனர். டென்னி அந்த வண்டியில் இல்லை. பழைய பாடல்களை இனி வாசிப்பதில்லை என்று முடிவு செய்த குழுவினர், ஹாம்ப்ஷரில் ஃபார்லி சேம்பர்லேன் என்ற சிற்றூரில் ஒரு வீட்டில் தங்கி, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து மரபுக் கதைப்பாடல்களை மின்கிட்டாரோடும் டிரம்ஸோடும் பாடிப் பழகினர். பேஸ் கலைஞர் ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டனின் செசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்தில் பாட பேதங்களைத் தேடிக்கொண்டிருந்தார். இவற்றின் விளைவுதான் 1969 டிசம்பரில் வெளியான "லீஜ் அண்ட் லீஃப்".

இந்த ஆல்பத்தைக் கேட்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள்: கதைகளை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பழைய ஆங்கிலச் சொற்கள் நிறைந்த கதைப்பாடலை முதன்முறை கேட்கும் தமிழர், பொருளைத் தேடுவதிலேயே கவனத்தை இழந்துவிடுகிறார். "மாட்டி க்ரோவ்ஸ்" பாடலில் ஒரு பிரபுவின் மனைவி, கணவன் ஊரில் இல்லாத நாளில், எளிய இளைஞன் ஒருவனைத் தன் மாளிகைக்கு அழைக்கிறாள். பணியாள் ஓடிப்போய்ச் செய்தி சொல்கிறான். திரும்பி வந்த பிரபு, ஆயுதமற்றவனைக் கொன்றான் என்ற பழி வரக்கூடாது என்பதற்காகத் தன் இரண்டு வாள்களில் நல்லதை அவனிடம் கொடுத்துச் சண்டையிட்டுக் கொல்கிறான். இப்போது யாரை விரும்புகிறாய் என்று மனைவியைக் கேட்கிறான். உயிரற்ற அந்த இளைஞனையே என்று அவள் சொல்ல, அவளையும் கொல்கிறான். "டாம் லின்" பாடலில் ஜேனட் என்ற பெண், தேவதைகளின் அரசியிடம் சிக்கியிருக்கும் காதலனை, அவன் விலங்குகளாக உருமாறும்போதும் கைவிடாமல் பற்றிக்கொண்டு மீட்கிறாள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃப்ரான்ஸிஸ் ஜேம்ஸ் சைல்ட் தொகுத்த 305 கதைப்பாடல்களில் இவை முறையே 81-ஆம், 39-ஆம் எண்களில் உள்ளன.

கதை தெரிந்த பின் கேட்டால், கொலையையும் காமத்தையும் பாடும்போது டென்னி குரலை உயர்த்துவதே இல்லை என்பதைக் காண்பீர்கள். சாட்சி சொல்பவரின் நிதானம் அவரிடம் இருக்கிறது. உணர்ச்சி முழுவதையும் வயலினுக்கும் கிட்டாருக்கும் விட்டுவிடுகிறார். அடுத்து "ரேனார்டீன்" பாடலுக்குப் போங்கள். மனித உருவில் வந்து பெண்களை மயக்கும் நரி பற்றிய அந்தப் பாடலை, அசையாத நீர் போன்ற மெதுவான இசையின் மேல் அவர் பாடும் விதம் அச்சமூட்டக்கூடியது. இந்த ஆல்பத்தை 2006-இல் பிபிசி ரேடியோ 2 நேயர்கள் அதுவரை வந்த நாட்டார் இசை ஆல்பங்களிலேயே மிகுந்த தாக்கம் செலுத்தியது என்று தேர்ந்தெடுத்தார்கள். டென்னியோ, ஆல்பம் கடைக்கு வரும் முன்பே, நவம்பரில் குழுவை விட்டு விலகியிருந்தார். மரபுப் பாடல்களைப் புதுப்பிப்பதைவிடத் தன் சொந்தப் பாடல்களைப் பாட வேண்டும் என்ற விருப்பம் அவருக்கு மேலோங்கியிருந்தது.

நான்காம் படி: ஃபாதரிங்கே

ஆஸ்திரேலியரான ட்ரெவர் லூகாஸ், ஜெரி டொனஹியூ, பேட் டொனால்ட்ஸன், ஜெரி கான்வே ஆகியோருடன் சேர்ந்து டென்னி அமைத்த ஃபாதரிங்கே குழு, தான் இயங்கிய காலத்தில் வெளியிட்ட ஒரே ஆல்பம் 1970-இல் வந்தது. பின்னாளில் லூகாஸ் அவருடைய கணவரானார். முதலில் "நத்திங் மோர்", "த ஸீ", "த பாண்ட் அண்ட் த ஸ்ட்ரீம்" ஆகிய மூன்றையும் கேளுங்கள். மூன்றும் டென்னி எழுதியவை. கடைசிப் பாடல், ஊர் ஊராகச் சுற்றித் திரிந்த பாடகி ஆன் பிரிக்ஸை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

பிறகு "பேங்க்ஸ் ஆஃப் த நைல்". போருக்கு எகிப்து செல்லும் காதலனிடம், ஆண் வேடமிட்டு நானும் உடன் வருகிறேன் என்று ஒரு பெண் மன்றாடும் மரபுப் பாடல் இது. எட்டு நிமிடம் ஓடுகிறது. என் கணிப்பில், மரபுப் பாடல்களில் டென்னி எட்டிய உச்சம் இதுதான். "லீஜ் அண்ட் லீஃப்" ஆல்பத்தின் எந்தப் பாடலும் இதற்குச் சமமாகாது. காதலனின் மறுப்பையும் பெண்ணின் மன்றாடலையும் குரலை மாற்றி நடிக்காமல், மூச்சு விடும் இடங்களை மாற்றியே அவர் வேறுபடுத்துகிறார். ஹெட்ஃபோனில், ஒலியைச் சற்றுக் குறைத்து வைத்துக் கேட்டால் அந்த மூச்சுகள் தெளிவாகக் கேட்கும்.

இரண்டாவது ஆல்பத்துக்கான பதிவுகள் நடந்துகொண்டிருந்தபோதே 1971 ஜனவரியில் குழு கலைந்தது. அந்த நாடாக்களை மிஞ்சிய மூவரும் சீர்செய்து, 2008-இல் "ஃபாதரிங்கே 2" என்று வெளியிட்டார்கள். இதிலுள்ள "லேட் நவம்பர்", "ஜான் த கன்" ஆகிய பாடல்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படியில் தேவைப்படும். இரண்டு ஆல்பங்களையும் வானொலிப் பதிவுகளோடு சேர்த்து "நத்திங் மோர்" என்ற தொகுப்பாக 2015-இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: தனிப் பெயரில் நான்கு ஆல்பங்கள்

மெலடி மேக்கர் இதழின் வாசகர்கள் 1970, 1971 இரண்டு ஆண்டுகளும் டென்னியைப் பிரிட்டனின் சிறந்த பாடகியாகத் தேர்ந்தெடுத்தனர். அந்தப் புகழின் நடுவே வந்த முதல் தனி ஆல்பம் "த நார்த் ஸ்டார் கிராஸ்மேன் அண்ட் த ரேவன்ஸ்", 1971. பாடல்கள் எளிதில் பிடிபடாதவை. கடல், குளிர்காலம், திரும்பாத மாலுமிகள், வரப்போகும் ஏதோ ஒரு கேடு ஆகியவை பற்றிய படிமங்கள் நிறைந்தவை. "லேட் நவம்பர்" பாடலில் எம்1 விபத்தின் நிழல் விழுந்திருக்கிறது. "நெக்ஸ்ட் டைம் அரவுண்ட்" ஜாக்ஸன் ஃப்ராங்க்கைப் பற்றியது. ஆனால் அவருடைய பெயரைப் புதிர்போல மறைத்து எழுதியிருக்கிறார். இந்த ஆல்பத்தின் "ஜான் த கன்" பாடலைக் கேட்டுவிட்டு உடனே "ஃபாதரிங்கே 2" பதிவைக் கேளுங்கள். ஒரே பாடலை ஒரு குழுவின் உறுப்பினராகப் பாடுவதும் தன் பெயரில் பாடுவதும் எப்படி வேறுபடுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

1972-இல் வந்த "சாண்டி", நான்கில் மிகவும் சமநிலை வாய்ந்தது; தனி ஆல்பங்களில் ஒன்றை மட்டும் வாங்க முடியும் என்றால் இதையே வாங்கச் சொல்வேன். அட்டைப் படத்தை எடுத்தவர் டேவிட் பெய்லி, தயாரித்தவர் லூகாஸ். "இட்ல் டேக் எ லாங் டைம்", "லிஸன், லிஸன்", "த லேடி", "த மியூஸிக் வீவர்" ஆகியவை டென்னியின் எழுத்து தெளிவடைந்த காலத்தின் பாடல்கள். "புஷஸ் அண்ட் பிரையர்ஸ்" என்ற தலைப்பில் பழைய மரபுப் பாடல் ஒன்று உண்டு. இங்கே இருப்பது அதுவன்று, டென்னி புதிதாக எழுதியது. "த க்வைட் ஜாய்ஸ் ஆஃப் பிரதர்ஹுட்" பாடலைத் தனியே எடுத்துக் கேளுங்கள். ரிச்சர்ட் ஃபரீனாவின் கவிதையை எந்த வாத்தியமும் இன்றி, தன் குரலையே பல அடுக்குகளாகப் பதிவு செய்து டென்னி பாடுகிறார். இறுதியில் மட்டும் ஸ்வார்ப்ரிக்கின் வயலின் நுழைகிறது. அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்க முயலுங்கள். சேர்ந்திசை எப்படிக் கட்டப்படுகிறது என்பது அப்போது விளங்கும்.

"லைக் அன் ஓல்ட் ஃபேஷண்ட் வால்ட்ஸ்" 1973-இல் பதிவாகி 1974-இல் வெளியானது. ஹாரி ராபின்ஸன் அமைத்த தந்தி வாத்தியங்கள் இதில் எங்கும் பரவியிருக்கின்றன. பலருக்கு இந்தச் செழுமை பிடிக்கும். எனக்குப் பாதிப் பாடல்களில் அது மிகையாகவே படுகிறது. "ஸோலோ" அந்தக் குறைக்கு விலக்கு. தனிமையை ஏற்றுக்கொள்ளும் பாடலான அது, எந்த ஒப்பனையையும் மீறி நிற்கிறது. "நோ எண்ட்" என்ற கடைசிப் பாடலை இரண்டு வடிவங்களிலும் கேட்பது இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான பயிற்சி. ஆல்பத்தில் இருப்பது வாத்தியக் குழுவோடு கூடியது. 2005-இன் மறுவெளியீட்டில் பியானோவை மட்டும் வாசித்துக்கொண்டு அவர் பாடிய வடிவம் சேர்க்கப்பட்டுள்ளது. ஓவியம் வரைவதை நிறுத்திவிட்ட ஒருவரும் பயணி ஒருவரும் சந்தித்துப் பேசும் அந்தப் பாடலில், பியானோ வடிவத்தில் இருவரும் நம் எதிரே அமர்ந்திருக்கிறார்கள். மற்றதில் அவர்கள் தொலைவில் இருக்கிறார்கள்.

நான்காவது ஆல்பமான "ரான்டேவூ" 1977-இல் வந்தது. இதை விரைவாகவே கடந்துவிடலாம். அந்நாளின் ராக் தயாரிப்பு முறை பாடல்களை அழுத்துகிறது. எல்டன் ஜானின் "கேண்டில் இன் த விண்ட்" இங்கே ஏன் இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் "ஐ'ம் எ ட்ரீமர்", "நோ மோர் ஸாட் ரிஃப்ரெயின்ஸ்" இரண்டையும் தவறவிடாதீர்கள். "ஆல் அவர் டேஸ்" பருவங்களின் சுழற்சியைப் பெரிய வாத்தியக் குழுவோடு பாடும் துணிச்சலான முயற்சி. அந்த ஆல்பம் விற்கவில்லை. அதே ஆண்டின் இறுதியில், அவருடைய ஆல்பங்களை வெளியிட்டுவந்த ஐலண்ட் நிறுவனத்துடனான உறவும் முடிந்தது.

இடைப்பட்ட பதிவுகள்

லெட் ஸெப்பலினின் நான்காவது ஆல்பத்தில் (1971) "த பேட்டில் ஆஃப் எவர்மோர்" பாடலில் ராபர்ட் பிளான்ட்டோடு மாறி மாறிப் பாடுபவர் டென்னிதான். அந்தக் குழு தன் ஆல்பத்தில் விருந்தினர் ஒருவரைப் பாட வைத்தது அந்த ஒரு முறை மட்டுமே. உலகின் பெரும்பாலோர் அவர் குரலைக் கேட்டது இதில்தான் என்றாலும், தொடக்கப் பாடமாக இதை வைத்துக்கொள்ளக்கூடாது; பிளான்ட்டின் வீச்சுக்கு ஈடுகொடுக்க அவர் தன் இயல்பான மென்மையைத் துறக்க வேண்டியிருந்தது. 1972-இல் நண்பர்கள் கூடிப் பழைய ராக் அண்ட் ரோல் பாடல்களைப் பாடிய "ராக் ஆன்" ஆல்பத்தில், பின்னாளில் லிண்டா தாம்ப்ஸன் என்று அறியப்பட்ட லிண்டா பீட்டர்ஸுடன் அவர் பாடிய "வென் வில் ஐ பி லவ்ட்" மகிழ்ச்சியான பதிவு. 1974-இல் ஃபேர்போர்ட்டில் மீண்டும் சேர்ந்ததன் விளைவான "ரைஸிங் ஃபார் த மூன்" (1975), கிளின் ஜான்ஸ் தயாரித்தது. அதில் "ஒன் மோர் சான்ஸ்", "ஸ்ட்ரேஞ்சர் டு ஹிம்ஸெல்ஃப்" இரண்டும் முதல் தரமானவை.

ஆறாம் படி: வானொலி, டெமோ, மேடை

இந்தப் படியை வெறும் சேகரிப்பாளர்களுக்குரியது என்று ஒதுக்கிவிடாதீர்கள். டென்னியை நெருங்கி அறிவதற்கு இதுவே சிறந்த வாயில்.

பிபிசிக்காக அவர் 1966 முதல் பாடினார். அந்தக் காலத்தில் நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தும் வழக்கம் இருந்ததால் பல பதிவுகள் அழிந்துபோயின. சில, வீட்டில் வானொலியிலிருந்து நேயர்கள் பதிந்துகொண்டதால் மட்டுமே பிழைத்தன. எஞ்சியவற்றைத் திரட்டி 2007-இல் "லைவ் அட் த பிபிசி" என்ற தொகுப்பு வந்தது. பியானோ அல்லது கிட்டார் மட்டும் துணையிருக்க அவர் தனியே பாடும் 1971 முதல் 1973 வரையிலான பதிவுகளை, "நார்த் ஸ்டார்", "சாண்டி" ஆல்பங்களின் அதே பாடல்களோடு இணைத்துக் கேளுங்கள். தொகுப்பில் உள்ள டிவிடியில், 1971-இன் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் அவர் பாடும் காட்சியும் இருக்கிறது. அவர் பாடிப் பதிவான படங்கள் மிகச் சிலவே என்பதால் அது அரியது.

டெமோக்களுக்கு 2016-இல் வெளியான "ஐ'வ் ஆல்வேஸ் கெப்ட் எ யூனிகார்ன்" என்ற இரண்டு சிடி தொகுப்பு போதுமானது. மேற்பூச்சு இல்லாத பதிவுகளை மட்டுமே தேர்ந்து அமைத்தது. டெமோக்களில் தேட வேண்டியது "பை த டைம் இட் கெட்ஸ் டார்க்" என்ற பாடல். அவர் வாழ்ந்த காலத்தில் எந்த ஆல்பத்திலும் இடம்பெறாத இது, பின்னர் மேரி பிளாக், யோ லா டெங்கோ ஆகியோர் பாடிப் பரவியது. மனம் சோர்ந்த ஒருவரைப் பொழுது சாய்வதற்குள் தேற்றிவிட முயலும் எளிய பாடல். அதைக் கூடத்துக்குக் கொண்டுபோய் முழுமையாகப் பதிவு செய்யாமல் விட்டது வருத்தம் தருகிறது.

மேடைப் பதிவுகளில் முதன்மையானது ராயல்டி தியேட்டர் கச்சேரி. மின்கிட்டாரின் பதிவில் ஏற்பட்ட கோளாறால் அது நெடுங்காலம் வெளிவராமல் கிடந்தது. ஜெரி டொனஹியூ கிட்டார் பகுதிகளை மறுபடி வாசித்துச் சேர்த்த பிறகு, 1998-இல் "கோல்ட் டஸ்ட்" என்ற பெயரில் வந்தது. "த லேடி", "ஸோலோ" இரண்டும் ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்த பதிவுகளைவிட இங்கே உயிரோடு இருக்கின்றன. இதைக் கடைசியில் கேட்பதே நல்லது. அதற்குள் பாடல்கள் எல்லாம் உங்களுக்குப் பழகியிருக்கும், குரலில் ஏற்பட்ட தேய்மானம் தனியே உறுத்தாது.

எந்தப் பதிப்பை வாங்குவது

ஸ்ட்ரீமிங் சேவைகளில் கேட்பவர்கள் தலைப்புகளைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒரே பாடலின் டெமோவும், வானொலிப் பதிவும், ஆல்பப் பதிவும் ஒரே பெயரில் வரிசையாக வரும்; ஆல்பத்தின் பெயரையும் ஆண்டையும் சரிபார்க்காவிட்டால் ஒப்பீடு குழம்பிவிடும். பாடல்களைக் கலைத்துப் போடும் வசதியை நிறுத்திவிட்டு, ஆல்பத்தின் வரிசையிலேயே கேளுங்கள்.

சிடியாக வாங்குபவர்கள் "அன்ஹாஃப்பிரிக்கிங்", "லீஜ் அண்ட் லீஃப்", "ஃபாதரிங்கே", "சாண்டி" ஆகிய நான்கையும் தனித்தனியே, கூடுதல் பாடல்கள் சேர்க்கப்பட்ட மறுவெளியீடுகளாக வாங்கிவிட்டு, யூனிகார்ன் தொகுப்பையும் "கோல்ட் டஸ்ட்" சிடியையும் சேர்த்துக்கொண்டால் அவருடைய சாரமான பகுதி கையில் வந்துவிடும். ஜோ பாய்டும் லூகாஸும் அமைத்து 1980-களின் நடுவில் வெளிவந்த நான்கு இசைத்தட்டுத் தொகுப்பு, மறக்கப்பட்டிருந்த அவரை மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தது. இன்று பழைய இசைத்தட்டுக் கடைகளில் நல்ல நிலையில் கிடைத்தால் வாங்கலாம், தேடி அலைய வேண்டியதில்லை. 2012-இல் வந்த "த நோட்ஸ் அண்ட் த வேர்ட்ஸ்" என்ற நான்கு சிடி தொகுப்பு ஓரளவு பழகிவிட்ட நேயருக்கு ஏற்றது. 2010-இன் 19 சிடி பெட்டித் தொகுப்பு எல்லாவற்றையும் அடக்கியது. குறைந்த எண்ணிக்கையில் வெளியிடப்பட்டதால் விலை மிக அதிகம். மேலே சொன்ன ஆறு படிகளையும் கடந்து, ஒரு பாடலின் மூன்றாவது டெமோவையும் கேட்டாக வேண்டும் என்ற விருப்பம் வந்தவர்கள் மட்டும் அதை நாடினால் போதும்.